கேபிள் டிவி ஒயருக்காக நிறுத்திய கரண்டு

என் பிரியமான பவுலின் அக்கா,

சௌக்கியமா என்று எழுதத்தான் இப்போதும் கை போகிறது. இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் மல்லிகைத் தோட்டத்தை மாமாதான் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அலுப்பாக இருக்கிறது அக்கா, தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு.

நீ போன அன்று எல்லாரும் என்னைக் கேட்டது ஒன்றுதான். "கம்பி அறுந்து விழுந்தால் கரண்டு தானாக நின்றுவிடும் என்றாயே, ஏன் நிற்கவில்லை?" சப்ஸ்டேஷனில் வேலை பார்ப்பவன் நான்தானே. அன்று டூட்டியில் நான் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஈர மண்ணில் கம்பி விழுந்தால் கரண்டு மொத்தமாகத் தரையில் இறங்கும். ரிலே என்கிற காவல் கருவி அதைக் கண்டு லைனைத் துண்டித்துவிடும். நம் வேடசந்தூர்ப் பக்கத்துக் காய்ந்த மண் அவ்வளவு இழுக்காது. யாரோ இன்னொரு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்பதுபோல ரிலே சும்மா இருந்துவிடும். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மாமாவிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். அதோடு அவர் என்னிடம் பேச்சை விட்டுவிட்டார்.

போன வாரம் பேசினார். விடிந்து செத்த நேரம்தான் ஆகியிருந்தது, போன் வந்தது.

"மாப்ள, தோட்டத்துப் பாதையில கம்பி கெடக்கு. பூப்பறிக்கப் பொம்பளைக வாராக."

லைனில் ஓடும் கரண்டைக் காட்டும் பேனலைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இப்படிப் போன் வந்தால் முதலில் லைன்மேனை அனுப்பிப் பார்க்கச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். லைனை நிறுத்தினால் ஒரு மில்லும் சேர்ந்து நிற்கும். நான் யாரையும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

லைன்மேன் போய்ப் பார்த்தால் அது கேபிள் டிவி ஒயர். காற்றில் அறுந்து கிடந்திருக்கிறது. மில்லிலிருந்து கத்தினார்கள், மேலதிகாரி விளக்கம் கேட்டார். சீரியல் பார்த்தால் ஷாக் அடிக்குமா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், கோபப்படத் தெம்பில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"என்னால ஒனக்குக் கெட்ட பேரு மாப்ள. இனிமே கிட்டப் போயி நல்லாப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

நீயும் என்ன கிடக்கிறது என்று பார்க்கத்தானே அக்கா கிட்டப் போனாய்?

நான் கேட்டுக்குப் பக்கத்தில் போனேன். "கிட்டப் போகாதீங்க மாமா. எந்த ஒயரா இருந்தாலும் கூப்புடுங்க, நான் நிறுத்துறேன்" என்றேன். அவர் கம்பிக் கதவு வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

இதை உனக்கும் சொல்லிவைக்கிறேன். யார் கூப்பிட்டாலும், பேனல் என்ன காட்டினாலும், முதலில் நிறுத்துவேன், பிறகுதான் விசாரிப்பேன். நூறு தடவையும் அது கேபிள் ஒயராகவே இருந்துவிட்டுப் போகட்டும் அக்கா.

உனக்குப் பின்னால் பிறந்தவன்,
அந்தோணி