அள்ளிக் கட்டியே தோற்ற அய்யாவுக்கு

இதை யாராவது எடுத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் சித்தப்பாவிடம் வேண்டாம்.

பாசமுள்ள அய்யா,

பாசம் என்று வழக்கத்துக்காக எழுதிவிட்டேன். நீ உயிரோடு இருந்தவரை, பெற்றவன் என்று உன்னை ‘நீங்க’ என்பேன். இனி அந்த மரியாதை கிடையாது.

கத்தார் கேம்பில் கற்றுவந்த போக்கர் சீட்டாட்டத்தை நீ பாம்பன் வலைக் கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாய். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கச் சீட்டுதான். டீ கொண்டுவந்த நான் இரண்டே நாளில் உன்னைப் படித்துவிட்டேன். நல்ல சீட்டு வந்தால், எதிராளி ஓடிவிடக் கூடாதென்று கொஞ்சமாகப் பணம் கட்டுவாய். வெற்றுச் சீட்டென்றால் மிரட்டிப் பார்க்க அள்ளிக் கட்டுவாய். ஒருநாளும் மாற்றியதில்லை. சித்தப்பாவும் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

நீ படகைப் பணயமாகக் கட்டிய அன்று உன் காதில் சொன்னேன்: “வேணாம்யா. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

எல்லோர் முன்னாலும் அறைந்தாய். “பொட்டப்புள்ளைக்கு இங்கன என்ன வேலை?”

சித்தப்பா சிரித்தார். “அண்ணே படகையே வச்சுட்டாரு. அப்ப வெத்துதான். நானும் கட்டுறேன், தெறங்கண்ணே சீட்ட.”

படகு போனது. அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயும் போனாய். எங்களை யார் கையில் விட்டுப் போனாய், தெரியுமா?

உன் கருமாதியில் சித்தப்பா சத்தமாகச் சொன்னார்: “அண்ணன் மகள டாக்டருக்குப் படிக்க வைப்பேன்!” எல்லோரும் அழுதார்கள். எனக்கு உன் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறாரே.

இன்று சாயங்காலம் சின்னதாகக் கட்டிப் பார்த்தேன். “சித்தப்பா, பதினொண்ணாப்பு சேர நாளைக்குத்தான் கடைசி. போய்ச் சேந்துட்டு வந்துரவா?”

“என்ன அவசரம் தாயி? மெட்ராஸ்லயே பெரிய ஸ்கூல்ல சேத்துவிடுறேன்.” பிறகு கொல்லைக்குப் போய் போனில் சொன்னார்: “வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வாங்க.” எனக்கு வயது பதினாறு.

பள்ளியில் சேரும் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் கையில் இருக்கும் நல்ல சீட்டு அதுதான். காலையில் வாசலில் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். சத்தமில்லாமல் நழுவினால், கையில் ஏதோ இருக்கிறது என்று பிடித்துவிடுவார். உன்னிடம் பார்த்துப் பழகியவர். அதனால் அள்ளிக் கட்டப்போகிறேன். “இப்பவே ஸ்கூலுக்குப் போறேன், டாக்டராகிக் காட்டுறேன்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவேன். அப்பனைப் போலவே வெத்து என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். விடுவாரா, அய்யா? பயமாக இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ தோற்ற ஆளிடம் நான் தோற்க மாட்டேன். உன்னை மன்னிப்பதா என்று அப்புறம் யோசிக்கிறேன்.

நீ அறைந்த மகள்,

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இப்படித் தட்டமா