பதினெட்டு நாள் பார்த்த நாடி

நலமே பெருகுக. ஓயாத கடலும் பொய்யாத மழையும் காவல் நிற்கும் வெண்டுறை நாட்டின் அரியணையில் அமர்ந்து, முத்துக் குளிக்கும் துறை மூன்றையும் மிளகு இறங்கும் மலைவழி இரண்டையும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோமான், திரைவென்ற பொறையனார் திருமுன்பு, தேவரீர் ஆணையைத் தலைமேற்கொண்டு ஆறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, சீன தேசத்து யுன் பேரரசர் அவையில் நம் நாட்டுத் தூதனாகவும் அரண்மனை வைத்தியனாகவும் இருந்துவரும் அடியேன் சேந்தன் அரிட்டநேமி, தென்மேற்குத் திசை நோக்கித் தொழுது எழுதும் விண்ணப்ப ஓலை. தேவரீர் திருமேனியும், பட்டத்தரசியார் நலமும், குடிகள் வாழ்வும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

தேவரீர் முதலில் அறிய விரும்புவதை முதலில் எழுதிவிடுகிறேன். தென்துறைப் பட்டினத்தில் குடியிருக்கும் நம் மக்கள் நாற்பத்து மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். நம் மரக்கலங்களுக்குத் துறை திறந்திருக்கிறது. வெய் பேரரசியாரின் ஆறு வயது மகன் முடி சூடிவிட்டார். அவர் பெயரால் தாயார் ஆள்கிறார். பேரரசியார் பக்கமே நிற்க வேண்டும் என்று சென்ற ஆடியில் வந்த ஓலையில் தேவரீர் இட்ட கட்டளை, ஒரு சொல்லும் பிசகாமல் நிறைவேறியது. அது எப்படி நிறைவேறியது என்று எழுதும்படி கட்டளை இல்லை. ஆயினும் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

இந்நாட்டுப் பேரரசரின் திருமேனியை அயலார் தொடக்கூடாது. ஆகவே அவர் மஞ்சள் திரைக்குப் பின்னே படுத்திருக்க, அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு பட்டுநூலைக் கட்டி, அதன் மறுமுனையைத் திரையின் துளை வழியே வைத்தியன் கையில் தருவார்கள். நூலைப் பிடித்து நாடி சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு ஆண்டு போனபின் என் மூன்று விரல்களும் அதைக் கற்றுக்கொண்டன. பேரரசர் சரியாக உறங்கினாரா, சினம் கொண்டாரா என்பதுகூட நூலில் தெரிந்தது. எனக்கு அதில் கர்வம் இருந்தது. நூலில் ஒன்றும் தெரியாத வைத்தியனாக நான் இருந்திருந்தால், நடந்த எதுவும் என்னைச் சேர்ந்திராது.

இவ்வவையில் உள்ள வைத்தியர் அனைவரும் ஒன்று பேரரசியார் ஆட்கள், அல்லது மூத்த இளவரசர் ஷாவ்ரென் ஆட்கள். ஷாவ்ரென், காலமான முதல் தேவியின் மகன். வடக்கு எல்லையில் முப்பதினாயிரம் படைவீரரோடு இருந்தவர். எல்லைக்குப் புறப்படும் நாளில் அவர் முழு அவையின் முன்னிலையில், இந்த அயல்நாட்டு வைத்தியர் ஒருவரே இருதரப்பிலும் கை நனைக்காதவர் என்றும், தந்தையின் உடல்நிலை பற்றி இவர் சொல்வதை மட்டுமே தாம் நம்பப்போவதாகவும் அறிவித்தார். அவை முழுதும் அதை ஒப்புக்கொண்டது. அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்நாட்டுச் சட்டம் ஒன்றையும் தேவரீர் அறிய வேண்டும். பேரரசர் உயிரோடு இருக்கையில் படையோடு தலைநகரை நெருங்கும் மகன் துரோகி. பேரரசர் இறந்தபின் படையோடு வந்து பாடையைச் சுமக்கும் மூத்த மகன்தான் அடுத்த அரசன். ஆகவே இளவரசர் படையோடு வருவதா, தனியே வருவதா என்பது தந்தைக்கு உயிர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லவேண்டியவன் நான்.

புரட்டாசித் திங்கள் வளர்பிறை மூன்றாம் நாள் காலை வழக்கம்போல் நூல் என் கைக்கு வந்தது. முந்தின நாள் பேரரசரின் நாடி அறுந்து அறுந்து ஓடியது. விடியும்வரை தாங்காது என்று நினைத்திருந்தேன். இன்று நூலில் வந்ததோ தட்டில் முத்து உருள்வதுபோல வழுக்கிக்கொண்டு ஓடும் இளம் நாடி. அது ஒரு பெண்ணின் நாடி. அவள் கருவுற்றிருந்தாள், நான்கு மாதம் இருக்கும். பயத்தில் அது விரைந்து ஓடியது. திரைக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை அளவுக்கு மீறி வந்தது. பனிக்கட்டி உருகி, நீர் திரைக்கு வெளியே வழிந்தது. இறந்தவரின் பக்கத்தில் ஒரு பணிப்பெண்ணைப் படுக்கவைத்து, அவள் கையில் நூலைக் கட்டியிருந்தார்கள்.

அந்தப்புர மேலாளர் கௌ என்னும் முதியவர் என் அருகில் நின்றிருந்தார். தென்துறைப் பட்டினம் பேரரசியாரின் அண்ணன் ஆளுகையில் இருப்பதையும், நம்மவர் நாற்பத்து மூவரின் பெயர்களும் அங்கே அவருக்கு மனப்பாடம் என்பதையும், அவர்களுடைய நலம் இப்போது வைத்தியரின் மூன்று விரல்களில் இருப்பதாகத் தாம் கருதுவதையும் அவர் மிகுந்த பணிவோடு என் காதில் தெரிவித்தார். தேவரீரின் ஓலை என் மடியில் இருந்தது. நான் அவை கேட்கும்படி, பேரரசர் தேறிவருகிறார் என்று சொல்லி, அன்றைய குறிப்பேட்டில் என் முத்திரையும் இட்டேன். நாக்கு குழறவில்லை. அன்று மதியம் சோறும் இறங்கியது.

அப்படியே பதினெட்டு நாள் சொன்னேன். பேரரசியாரின் அண்ணன் படை வந்துசேர அத்தனை நாள் தேவைப்பட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. ஆனால் ஐந்தாம் நாள் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது தெரியும். பனிக்கட்டிக்கு நடுவே படுத்திருந்தால் வேறு என்ன ஆகும். பேரரசருக்கு என்று சொல்லிச் சுக்கும் திப்பிலியும் கொதிக்கவைத்து உள்ளே அனுப்பினேன். யாரோ அவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள்; எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இந்தப் பதினெட்டு நாளில் நான் செய்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் நண்பகலில் மூலிகைத் தோட்டத்தில் நான் தனித்திருந்தபோது இளவரசரின் குதிரைவீரன் ஒருவன் தோட்டக்காரன் உடையில் வந்தான். தந்தை இறந்துவிட்டார் என்று வடக்கே ஒரு பேச்சு உலவுவதாகவும், இளவரசர் அதை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இருப்பதாகவும், வைத்தியரின் வாய்ச்சொல் ஒன்றே போதும் என்று சொல்லி அனுப்பியதாகவும் சொன்னான். தோட்டத்தில் வேறு ஒருவரும் இல்லை. கௌ இல்லை, காவலர் இல்லை. தலையை ஒருமுறை அசைத்திருந்தால் போதும், முப்பதினாயிரம் பேர் புறப்பட்டிருப்பார்கள். நம் மக்கள் நாற்பத்து மூவரையும் நினைத்தேன். தேவரீர் கட்டளையை நினைத்தேன். பேரரசர் உயிரோடு இருக்கிறார், மகனைப் பார்க்க ஏங்குகிறார் என்று சொன்னேன். ஏங்குகிறார் என்று சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இளவரசர் படையை எல்லையிலேயே விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரோடு வந்தார். தந்தைக்கு என்று வடநாட்டுக் காட்டுத்தேன் ஒரு சாடி கொண்டுவந்திருந்தார். மூன்றாம் வாயிலில் வாளைக் கழற்றிவைப்பது வழக்கம், கழற்றிவைத்தார். நான்காம் வாயில் திறக்கவில்லை, மூன்றாம் வாயில் அவர் பின்னால் சாத்தப்பட்டது. பிறகு என்னை அழைத்தார்கள். இறந்துவிட்டாரா என்று நாடி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அங்கே திரையும் இல்லை, நூலும் இல்லை. இந்த ஆறு ஆண்டில் நான் நேரே தொட்ட அரச கை அவருடையது ஒன்றே. இன்னும் சூடு இருந்தது. இறந்துவிட்டார் என்று சொன்னேன். பத்தொன்பது நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அழுகை வரும் என்று சற்று நேரம் நின்றேன். வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பேரரசர் காலமானார் என்று மணி அடித்தார்கள். மகன் இறந்த துயரம் தாங்காமல் உயிர் பிரிந்ததாக அவையில் வாசித்தார்கள். அவையோர் கதறினார்கள், எனக்கும் ஒரு வெள்ளைத்துணி கொடுத்தார்கள், தலையில் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கௌ என் இருப்பிடத்துக்கு வந்து, பேரரசியார் மனம் மகிழ்ந்திருப்பதாகவும், வைத்தியர் எதைக் கேட்டாலும் தரச் சித்தமாயிருப்பதாகவும் சொன்னார். பேரரசரின் கடைசிப் படுக்கையில் பணி செய்த பெண்களை அவரோடு கல்லறைக்குள் அனுப்புவது இக்குலத்து வழக்கம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஏழு பேர் என்று சொன்னார்கள். நான் பொன்னும் பட்டும் வேண்டாம் என்றேன். திரைக்குப் பின்னால் கையில் நூல் கட்டிக்கொண்டு படுத்திருந்த பெண்ணை எனக்குத் தரவேண்டும் என்றும், அவளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் நம் மரக்கலத்தில் ஏற்றி வெண்டுறைக்கு அனுப்பிவிடுவதாகவும் கேட்டேன். காலிலும் விழுந்தேன்.

கௌ என்னைத் தூக்கி நிறுத்தினார். அவர் முகத்தில் கேலி இல்லை, வருத்தமே இருந்தது. திரைக்குப் பின்னால் பதினெட்டு நாளும் பேரரசர் ஒருவரே இருந்தார் என்று வைத்தியரே அவையறியச் சொல்லியிருப்பதால், அப்படி ஒரு பெண் இல்லை என்றும், இல்லாதவளைத் தம்மால் எங்கிருந்து கொண்டுவந்து தர முடியும் என்றும் அவர் கேட்டார். அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டுமானால், நான் சொன்னவை அனைத்தும் பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாற்பத்து மூவர். சொல்லாவிட்டால் அவள். நான் சொல்லவில்லை. நேற்று முற்பகலில் கல்லறை வாயிலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நானும் தூதர் வரிசையில் நின்று பார்த்தேன்.

இனி வேண்டுகோள். பட்டத்தரசியார் கருவுற்றிருப்பதால் அடியேன் திரும்பிவந்து நாடி பார்க்க வேண்டும் என்று தேவரீர் கட்டளையிட்டிருக்கிறீர்கள். வேறு வைத்தியரை அமர்த்திக்கொள்ள வேண்டுகிறேன். நேற்று மாலை என் கையையே பிடித்துப் பார்த்தேன்; விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, மரக்கட்டையைப் பிடித்ததுபோல் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. நான்கு மாதக் கரு. இடது கை நாடி. காய்ச்சல் ஒருமுறை வந்து நீங்கியது. எழுதிவைக்க வேறு இடம் இல்லாததால் இவ்வோலையில் எழுதினேன்.

இவ்வோலை ஐப்பசித் திங்கள் தேய்பிறை ஏழாம் நாள் எழுதி, மீகாமன் உதாரன் கையில் ஒப்படைக்கப்பட்டது. வெண்டுறை மண்ணும் மன்னரும் நீடு வாழ்க. இதில் உள்ளவை யாவும் மெய் என்று கீழே என் முத்திரையை இடுகிறேன். பேரரசர் உயிரோடு இருக்கிறார் என்று பதினெட்டு நாளும் இட்டது இதே முத்திரைதான். நம்புவதும் நம்பாததும் தேவரீர் திருவுள்ளம்.

இப்படிக்கு,
சேந்தன் அரிட்டநேமி