ஒரு ‘க்’கை நீக்கியதற்காகத் தங்கும் அனுமதி மறுக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 4178-இன் விண்ணப்பதாரர்,
எட்டுப் படுக்கை அறை, கீழ்ப்படுக்கை எண் 3,
பயணியர் விடுதி,
பேருந்து நிலையத்தின் பின்புறத் தெரு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: மூன்று மாதத் தங்கல் நீட்டிப்பை மறுத்த ஆணையை மறுபரிசீலனை செய்யவும், என் கோப்பில் உள்ள இரண்டு தவறான வாக்கியங்களை நீக்கவும் கோருதல்.

பார்வை: ஐந்தாம் எண் முகப்பில் இம்மாதம் 3ஆம் தேதி வழங்கப்பட்ட நிராகரிப்பு ஆணை.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அலுவலகம் பதினொரு மொழிகளில் படிவங்கள் தருகிறது. அவற்றுள் எந்த மொழியிலும் மேல்முறையீடு செய்யலாம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். தாங்கள் தமிழ் நன்கு படிப்பவர் என்று விசாரணை மேசையில் சொன்னார்கள். என் வழக்குக்கு வேறெதையும்விட அதுவே தேவை.

1. எனக்கு வயது எழுபத்தொன்று. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள். அச்சுக்குப் போகும் முன் நூல்களின் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவது நாற்பத்து மூன்று ஆண்டுகளாக என் தொழில். இதற்குத் தமிழில் மெய்ப்புத் திருத்துதல் என்று பெயர். இச்சொல்லைத் தாங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வழக்கில் பாதி இச்சொல்லில் இருக்கிறது.

2. என் கணவர் சரக்குக் கப்பலில் பொறியாளர். முப்பத்தோர் ஆண்டுகள் அவர் உலகைச் சுற்றினார். நான் மின்கட்டணம் கட்டினேன். இதைக் குறையாக எழுதவில்லை, விவரமாக எழுதுகிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், “எல்லா ஊரும் ஒண்ணுதான்டி. கிரேனு, குடோனு, மழை. நீ எதையும் கோட்டை விடல” என்பார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்பது அப்போதே தெரியும். கடந்த பதினான்கு மாதங்களாகக் கப்பல் போகாத, கடலோரமில்லாத ஊர்களாகப் பார்த்துப் பயணம் செய்துவருகிறேன். இது நான்காவது நாடு. அவர் சொன்னது சரியில்லை என்பதை நான்கு நாடுகளிலும் நேரில் உறுதி செய்திருக்கிறேன்.

3. இப்பயணத்துக்கு என்னிடம் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை. வேலை செய்துகொண்டே போகிறேன். வேலை நின்றால் பயணமும் நிற்கும். ஊரிலுள்ள பதிப்பகம் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்புகிறது, நான் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். தற்போது கையில் இருப்பது அறுநூற்று நாற்பது பக்கச் செவிலியர் பயிற்சி நூல். சென்ற வாரம் ஒரு மருந்தை ‘மூன்று வேளை’ கொடுக்க வேண்டிய இடத்தில் ‘மூன்று வேலை’ என்றிருந்தது. அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. அடுத்த பக்கத்தில் ‘உணவுக்கு முன்’ என்பது ‘உணவுக்குப் பின்’ என்று மாறியிருந்தது. அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. விடுதி அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசினால் இணையம் படுத்துவிடும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு நகர நூலகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன். மூன்றாம் தளம், சன்னலோரம், சுவரில் மின்செருகுவாய் உள்ள ஒரே மேசை. ஒரு மணிவரை வேலை. பிறகு நடை. முட்டையும் ஓட்ஸும் மின்கெட்டிலில்தான் வேகின்றன. முட்டைக்கு ஒன்பது நிமிடம். பேருந்து ஏறுவது மழை பெய்தால் மட்டும். இப்படி வாழ்வதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. இந்த வயதில் அலுவலக மேசைக்கு அப்படியொரு சன்னல் எவருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

5. விடுதி நடத்தும் தமிழ் அம்மையார் முதல் வாரமே, படுக்கை விரிப்புகளைத் தினமும் மடித்துக் கொடுத்தால் வாடகை வேண்டாம் என்றார். மறுத்தேன். சுற்றுலா அனுமதியில் வந்தவர் இந்நாட்டில் எவரிடமும் வேலை செய்யக்கூடாது, கூலி பணமாக இல்லாமல் படுக்கையாக இருந்தாலும் அது கூலிதான். “ரொம்ப ரூல்ஸ் பாக்குறீங்கம்மா, இங்க எல்லாரும் செய்யுறதுதான்” என்றார். எல்லாரும் செய்யட்டும் என்றேன். வெளிநாட்டிலுள்ள நிறுவனத்துக்குக் கணினி வழியே பணிபுரிவதை அவ்விதி தடுக்காது என்று தங்கள் அலுவலகத்தின் கையேடு ஆறாம் பக்கத்தில் கூறுகிறது. அப்பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். விதியைப் படிக்காமல் நான் எந்த நாட்டிலும் கால் வைத்ததில்லை.

6. இனி நிகழ்ந்தது. 3ஆம் தேதி நீட்டிப்புப் படிவத்தை நூலக மேசையில் வைத்து நிரப்பினேன். அதில் ஒன்பதாம் கேள்வி: “இந்நாட்டில் தங்களுக்கு வேலைக் கொடுப்பவரின் பெயர்.”

ஐயா, ‘வேலை கொடுப்பவர்’ என்றால் பணி தருபவர். நடுவில் ஒரு ‘க்’ வந்து ‘வேலைக் கொடுப்பவர்’ என்றானால், வேல் என்ற ஆயுதத்தைக் கொடுப்பவர். நாற்பத்து மூன்று ஆண்டுப் பழக்கத்தில் என் கை சிவப்பு மையால் அந்தக் ‘க்’கை அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி இட்டு, அச்சகங்களில் செய்வதுபோல் சுருக்கொப்பமும் வைத்தது. பிறகு நீல மையால் “எவரும் இல்லை” என்று பதில் எழுதினேன். கேள்வியின் பொருளை நான் மாற்றவில்லை. அலுவலகம் எதைக் கேட்க நினைத்ததோ அதைக் கேட்குமாறு செய்தேன்.

7. ஐந்தாம் முகப்பில் இருந்த அலுவலர் தமிழர். அங்கு நடந்த உரையாடலை உள்ளது உள்ளபடி தருகிறேன். என் பேச்சையும் மெருகேற்றவில்லை.

“என்னங்க இது, ஃபாரம் ஃபுல்லா ஒரே ரத்தக்களறியா இருக்கு?” என்றார்.

“ஒரே ஓர் எழுத்துதான். ஃபுல்லா இல்ல.”

“அச்சடிச்ச கேள்வியில நீங்க எப்படிங்க கை வைக்கலாம்?”

“தப்பா இருந்துச்சு, திருத்தினேன். இப்படியே விட்டா யாரு வேல் குடுத்தாங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு. எனக்கு இங்க யாரும் வேலும் குடுக்கல, கேடயமும் குடுக்கல.”

பின்னால் வரிசையில் நின்றவர்களில் தமிழ் தெரிந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. “ஒரு க்-கால கப்பலா கவுந்துடப் போகுது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த ஃபாரத்தைத் தமிழ்ல எழுதுனதே நான்தாங்க” என்றார்.

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் திருத்தியிருப்பேன். ஆனால் வரிசை சிரிக்கும்படி விளக்கியிருக்க மாட்டேன்.

8. பிறகு அவர் ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வந்தார். நான் ‘மெய்ப்புத் திருத்துநர்’ என்று எழுதியிருந்தேன். அவர் அதை ‘மேய்ப்பு’ என்று படித்தார். “மேய்ப்பா? ஆடு மேய்க்குறதா, மாடு மேய்க்குறதா?” என்று கேட்டார். என் வேல் பேச்சுக்குப் பதிலாகக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நானும் விட்டுக்கொடுக்காமல், “ஆமா, நாப்பத்து மூணு வருஷமா மேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் வேலி தாண்டினதில்ல” என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை. நகருக்கு வெளியே உள்ள கால்நடைப் பண்ணைகளில் பணமில்லாத பயணிகள் அனுமதியின்றி வேலை செய்வதாகவும், அவர்களைக் கண்டறியுமாறு முகப்பு அலுவலர்களுக்கு உத்தரவு உள்ளதாகவும் பிறகே அறிந்தேன்.

9. ஆணையில் உள்ள இரண்டு வாக்கியங்கள் இவை: “விண்ணப்பதாரர் தமக்குச் சாதகமாக அரசுப் படிவத்தின் கேள்வியை மாற்றியுள்ளார்.” “தாம் நாற்பத்து மூன்று ஆண்டுகளாகக் கால்நடை மேய்ப்பதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்.” பதினான்கு நாள்களுக்குள் வெளியேற வேண்டும். அதாவது வரும் 17ஆம் தேதி.

முதல் வாக்கியத்துக்கு என் பதிலை ஆறாம் பத்தியில் தந்துவிட்டேன். இரண்டாவதைப் பொறுத்தவரை, என் இடது முழங்காலின் எக்ஸ்-கதிர்ப் படத்தை இணைத்திருக்கிறேன். இந்த முழங்காலை நம்பி எந்தப் பண்ணையாரும் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்க மாட்டார்.

10. என் தவற்றையும் எழுதுவதே முறை. விடுதி திரும்பியதும் என் படிவத்தின் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பள்ளியில் கையெழுத்துக்காக மூன்று முறை பரிசு பெற்றவள் நான். ஒற்றைக் கொம்பின் நுனியைச் சற்றே சுழித்து எழுதுவது என் வழக்கம். அழகு என்று நினைத்திருந்தேன். நேர்மையாகச் சொன்னால் அச்சுழி இரட்டைக் கொம்பு போலத்தான் இருக்கிறது. ‘மெய்’ என்று எழுதினேன், தாளில் ‘மேய்’ என்று இருந்தது. அறுபது ஆண்டுகளாக எவரும் சொல்லவில்லை. அதைப் படித்த அலுவலர்மீது குற்றமில்லை. இம்மனுவைத் தட்டச்சு செய்திருப்பதற்கு அதுவே காரணம்.

11. 5ஆம் தேதி மீண்டும் சென்றேன். அவர் என்னைத் தனியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “நான் கெட்டவன் இல்லம்மா. வயசாயிடுச்சு, என்ன செய்யுறோம்னு புரியாம பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நானே மேல பேசி முடிச்சுக் குடுக்குறேன். மூணு மாசமும் கெடச்சுடும்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகனும் தொலைபேசியில் அதையே சொன்னான். “ஒரு வரிதானேம்மா, எழுதிக் குடுத்துத் தொலையேன். யாரு அதைப் படிக்கப் போறா?” என்றான். நான் படிப்பேன் என்றேன். “அப்போ பேசாம ஊருக்கு வந்துடு. பங்க் பெட்டுல படுத்து நீ யாருக்கு என்ன நிரூபிக்கணும்?” என்றான். கீழ்ப்படுக்கை என்று நினைவூட்டினேன். அவனுக்கு என்மீது அக்கறை உண்டு. அந்த அக்கறைக்கு ஒரு கையெழுத்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

12. அது என்னவென்று தங்களுக்கும் தெரிய வேண்டும். செய்வது புரியாதவர் என்று நானே எழுதிக் கொடுத்தால், அடுத்த நாட்டின் அலுவலகம் துணைக்கு யார் என்று கேட்கும். என் மகன் கையொப்பமிட வேண்டும். அன்றுமுதல் எந்த ஊருக்குப் போகலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அவன் முடிவு செய்வான். புரியாதவர் என்று ஓர் அரசுக் கோப்பு சொல்லும் ஒருத்தியிடம் எந்தப் பதிப்பகமும் மருந்தளவுள்ள பக்கங்களைத் தராது, தரவும் கூடாது. மாறாக, எழுத மறுத்துப் பழைய ஆணையுடன் வெளியேறினால், படிவத்தை மாற்றியவர் என்ற வாக்கியம் ஒவ்வோர் எல்லையிலும் எனக்கு முன்னால் போய் நிற்கும். ‘எந்த நாடாவது தங்களை வெளியேற்றியதுண்டா’ என்ற கேள்விக்கு நான் பொய் எழுத மாட்டேன். இரண்டு வழியிலும் என் பயணம் முடிந்துவிடும். மூன்றாவது வழி தங்கள் மேசையில் மட்டுமே இருக்கிறது.

13. புதிய படிவம் ஒன்றை நிரப்பி இணைத்திருக்கிறேன். அச்சிட்ட பகுதியில் கை வைக்கவில்லை. அந்தக் ‘க்’ அங்கேயே இருக்கிறது. அதை விட்டுவைப்பது எனக்கு எளிதாக இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். படிவத்தில் மேலும் பதினொரு பிழைகள் உள்ளன. அவற்றைத் தனித்தாளில், காரணங்களுடன் எழுதி, ஐந்தாம் முகப்பு அலுவலருக்கு மூடிய உறையில் கொடுத்துவிட்டேன். அவர் அருகில் அப்போது எவரும் இல்லை. வாங்கிக்கொண்டார். “பதினொண்ணா!” என்று மட்டும் சொன்னார்.

14. ஆகவே தாங்கள் (அ) இணைப்பில் உள்ள பதிப்பகக் கடிதத்தையும் திருத்திய மூன்று பக்கங்களையும் பார்வையிட்டு, மேற்படி இரண்டு வாக்கியங்களையும் கோப்பிலிருந்து நீக்கவும், (ஆ) மூன்று மாத நீட்டிப்பு வழங்கவும் வேண்டுகிறேன். இரண்டில் ஒன்றுதான் இயலுமென்றால், முதலாவதைத் தாருங்கள். 17ஆம் தேதி முதல் பேருந்தில் புறப்பட்டுவிடுகிறேன். இரண்டையும் தருவதற்கு விதியில் தடையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

புரியாமல் செய்தேன் என்ற வரியை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். புரிந்தே செய்தேன், சரியாகவே செய்தேன். சத்தமாகச் செய்தது தவறு, அதற்கு வருந்துகிறேன்.

விசாரணைக்கு அழைத்தால் எந்த நாளும் ஒரு மணிக்கு மேல் வரத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன் வேலை இருக்கிறது. தங்கள் ஆணை எதுவாக இருந்தாலும், அதில் என் தொழிலின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மெய்ப்புத் திருத்துநர்,
விண்ணப்ப எண் 4178.

இடம்: நகர நூலகம், மூன்றாம் தளம்.
நாள்: இம்மாதம் 11ஆம் தேதி, பிற்பகல்.

இணைப்பு: கையேட்டின் ஆறாம் பக்க நகல், பதிப்பகக் கடிதம், திருத்திய பக்கங்கள் மூன்று, முழங்கால் எக்ஸ்-கதிர்ப் படம், புதிய படிவம்.