வாலு இருக்கும் படிகம்

மார்ச் 3

ஆய்வகத் தலைவர் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. நலம் விசாரிக்கவும் மனமில்லை, நலமாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் தங்கை வந்திருந்தாள். “அண்ணி, லேபுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அண்ணன் நம்ம வாலுவைத்தான் போட்டுக் காட்டறாரு. எல்லாரும் கை தட்டறாங்க” என்றாள். இறந்துபோன மகளைக் காட்டியா கைதட்டல் வாங்குகிறீர்கள்?

சர்க்கரைக்கட்டி அளவு படிகத்துக்குள் லேசரால் ஆயிரக்கணக்கான படங்களை ஹாலோகிராமாக எழுதிவைக்கலாம் என்று நிரூபிக்க, அவள் ஊஞ்சலாடிய வீடியோவைக் கொண்டுபோனீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதான பிறகு வேறு பிரதி இல்லை, அவள் ஓடி ஆடியது அந்தப் படிகத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது. படத்தைப் படித்துக் காட்டும் ஒளியே, எழுதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். சூடாக்கினால் படம் நிலைத்துவிடும் என்றும் சொன்னீர்கள். அதைச் செய்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

— வாலுவின் அம்மா

மார்ச் 11

வாலுவின் அம்மாவுக்கு,

அவளுக்கு அப்பா என்று ஒருவன் இருப்பது ஞாபகம் இருக்கிறதா? படிகம் ஆய்வகத்தின் சொத்து. சூடாக்கும்போது விரிசல் விட்டால் மொத்தமும் போச்சு. அந்தப் பழியையும் என் தலையில்தான் போடுவாய். அவள் காய்ச்சலை நான் லேசாக எடுத்துக்கொண்டேன் என்று உறவு முழுக்கச் சொல்லித் திரிந்தவள்தானே நீ! யோசனை சொல்லி இனி எழுதாதே.

— அவள் அப்பா

மார்ச் 20

அவள் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் இல்லாத நேரம் பார்த்து ஆய்வகத்துக்கு வந்தேன். உங்கள் ஆய்வு மாணவி லேசரைப் போட்டுக் காட்டினாள். ஊஞ்சல் தெரிகிறது. முகம்தான் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருக்கிறது. வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன். “மேடம், விசிட்டர்ஸ் எப்பவாவதுதான் வருவாங்க. சார்தான் தினமும் எல்லாரும் கிளம்பினப்புறம் தனியா உக்காந்து பாக்கறாரு. நாங்க எப்படிக் கேக்கறது?” என்றாள்.

பஸ் ஏறும்வரை உங்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பார்த்துப் பார்த்தே அவளைத் தீர்த்துவிட்டீர்கள். அழவேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து அழுதிருக்கலாமே. நான் என்ன கதவைப் பூட்டியா வைத்திருந்தேன்?

சூடாக்குங்கள். விரிசல் விட்டால் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள்மேல் ஆணை.

— வாலுவின் அம்மா

ஏப்ரல் 2

வாலுவின் அம்மாவுக்கு,

விரிசல் விடவில்லை. மிச்சமிருப்பது இனி அழியாது. கறுப்புத் தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இங்குள்ள கருவியில் வைத்தால்தான் படம் தெரியும். அதைப் பெயர்த்து அனுப்ப முடியாது. புதன்கிழமைகளில் நான் இருக்க மாட்டேன். அன்று வந்து பார்த்துக்கொள். என் கண்ணில் படாதே.

— அவள் அப்பா

ஏப்ரல் 6

அவள் அப்பாவுக்கு,

படிகம் பத்திரமாக வந்தது. புதன்கிழமை எனக்குத் தோதுப்படாது. வியாழன் மாலை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். பேச்சே வேண்டாம். அறையை இருட்டாக்கி, இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.

— நான்