ஓவியாவின் கிறுக்கல்

ஓவியா அப்பா,

எனக்கு இன்னிக்குக் கடை வேலைக்குச் சீக்கிரம் போகணும். பாப்பா பக்கத்து வீட்டு அன்வரி அக்காகிட்ட தூங்குது, சாவியும் அங்கதான் கீது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்ததும் படுத்துடாதீங்க, ரசம் சாதம் குழைச்சு வெச்சிருக்கேன், ஊட்டிடுங்க. பேச்சு வரும்னு உங்க அக்கா வசம்பு இழைச்சு பாப்பா நாக்குல தடவ வர்றாங்களாம். வேணாம்னு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல.

நேத்து ஸ்பீச் தெரபி மேடம், "வீட்ல நிறையப் பேசுறீங்களா?"ன்னு மறுபடியும் கேட்டாங்க. பேசுறோம்னு சொல்லிட்டேன். அந்தச் சண்டையிலேருந்து ஃபிரிட்ஜ்ல சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடத்துறோம்னு எப்படிச் சொல்றது?

அன்புக்கரசி

சொல்ல மறந்துட்டேன். இதுக்குக் கீழ ஒரு கிறுக்கல் பேப்பர் ஒட்டியிருக்கும், கிழிச்சுடாதீங்க. நேத்து ராத்திரி பாப்பா ஒட்டினது. ஒட்டிட்டு, பிஸ்கட் டப்பாவையே பாத்துக்கினு நின்னுச்சு.