எனக்கிருக்கிற ஒரேயொரு வோட்டு

ஒக்டோபர் 10, வியாழன்

காலமையில இருந்து தூறல். எயார்போட் கிச்சனில குளிர் அறை வேலை, விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அடுக்கி விரல் விறைச்சுப் போச்சு.

வாங்க: பால், கறிவேப்பிலை, என்ர மனுசன் குகனுக்கு இருமல் மருந்து. கார் டயர் மாத்த புக் பண்ணோணும்.

பிரேக்கில ஃபோனைப் பாத்தா அமெரிக்காவில இருந்து ஈமெயில். நான் முந்தி இருந்த ஊரின்ர தேர்தல் அலுவலகம். என்ர வோட்டுக்கு ஆரோ எதிர்ப்புக் குடுத்திருக்கினமாம். "இவர் இந்த முகவரியில் வசிப்பதில்லை." வாற 22 விசாரணை. நேரில வரலாம், எழுதியும் அனுப்பலாம். போன கிழமைதான் வோட்டை நிரப்பித் தபாலில போட்டனான்.

அந்த முகவரியில நான் இல்லைத்தான். இருக்கிறன் எண்டு ஆர் சொன்னது? வெளிநாட்டில இருக்கிற சிட்டிசன் கடைசியா இருந்த முகவரியை வைச்சுப் போடலாம். அதுதான் சட்டம். கலியாணம் கட்டி ரொறன்ரோ வந்த நாளில இருந்து அப்பிடித்தான் போடுறன்.

ஷிப்டில நிக்கிற ஜெயந்தி கேக்கிறாள், "அன்ரி, பேசாமல் இஞ்ச போடுங்கோவன்?" இஞ்ச எனக்கு PR, நிரந்தர வதிவுரிமை மட்டும்தான், வோட்டில்லை. இலங்கைக் குடியுரிமை அமெரிக்கன் ஆகேக்கயே போச்சு. அவளுக்கு விளங்கப்படுத்தேக்கதான் எனக்கே உறைச்சது. முழு உலகத்திலயும் எனக்கிருக்கிறது இந்த ஒரு வோட்டு.

ஒக்டோபர் 12, சனி

வெயில். உடுப்புத் தோய்ச்சு முடிச்சிட்டு அமெரிக்காவில என்ர சொந்த அண்ணை பாலனுக்கு ஃபோன் எடுத்தன். அந்த முகவரி அவர் வீடுதானே. அவற்ற பேஸ்மென்டிலதான் நான் கலியாணத்துக்கு முதல் இருந்தனான். ஒரு சாட்சிக் கடிதம் கேப்பம் எண்டு.

சொல்லி முடிச்சன்.

"வசந்தி, அதில கையெழுத்து வைச்சது நான்தான்."

நான் கதிரையில இருந்திட்டன்.

அவர் ஒரு அமைப்பில தொண்டராம். ஒவ்வொரு தெருவா, ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு பாக்கிறவையாம். அவற்ற தெரு அவருக்கு வந்திருக்கு. அதில என்ர பேர்.

"என்ர பேரைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான். என்ர தங்கச்சி எண்டு உன்னை விட்டிட்டு மற்றாக்களுக்கு மட்டும் எழுதினா, அது நியாயமோ?"

"சட்டம் என்ன சொல்லுது எண்டு வாசிச்சனீங்களோ?"

"நீ இருக்கிறது கனடாவில. இஞ்ச ரோட்டு உடைஞ்சா உனக்கென்ன, ஸ்கூல் மூடினா உனக்கென்ன? இஞ்ச இருக்கிறவன் போடட்டும்."

"உங்கட நியாயத்தை 22ஆம் திகதி எனக்கு முகத்துக்கு நேர சொல்லுங்கோ. வாறன்."

வைச்சிட்டன். கோவத்திலதான்.

ஒக்டோபர் 14, திங்கள்

தாங்ஸ்கிவிங் லீவு. யூனியன்வில்லில குகன்ர தமக்கை வீட்டில சாப்பாடு. வான்கோழியும் புட்டும் ஒரே மேசையில. தமக்கையின்ர மனுசன், அத்தார், கேட்டார், "உவன் பாலனுக்கு என்ன விசரோ?" வெளி ஆக்கள் அண்ணையைப் பேசினா எனக்குப் பிடிக்காது. அதுவும் எரிச்சல்.

வரேக்க காருக்குள்ள குகன், "உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? எழுதி அனுப்பிவிடும். ஒரு வோட்டால என்ன மாறப் போகுது?"

"மாறாட்டி ஏன் அவையள் அதைப் பறிக்க நிக்கினம்?"

மனுசன் ரேடியோவைத் திருகினார். ரெக்ஸ்டேலில வீடு வரும்வரைக்கும் ரேடியோதான் கதைச்சது.

ஒக்டோபர் 17, வியாழன்

சூப்பவைசரிட்டை லீவு கேட்டன். "ஆருக்கும் சுகமில்லையோ?" இல்லை, வோட்டுப் பிரச்சினை எண்டன். சிரிச்சான். நான் சிரிக்கேல்லை. லீவு தந்திட்டான்.

அண்ணையை நினைச்சு நித்திரை சரியில்லை. அவர் ஏன் இப்பிடி எண்டு எனக்குத் தெரியாமலில்லை. யாழ்ப்பாணத்தில அவற்ற முதல் தேர்தல். ஷேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர். நானும் கூடப் போனனான். வாக்குச்சாவடி மேசையில இருந்தவன் நிமிந்தும் பாக்காமல், "உம்மட வோட்டுப் போட்டாச்சு" எண்டான். ஆரோ அவற்ற பேரில குத்திட்டுப் போயிருக்கிறான். போட வந்த வோட்டைப் போடாமலே அண்ணை திரும்பினவர். 

அவருக்கு அண்டையில இருந்து கள்ள வோட்டு எண்டா கண் சிவக்கும். எனக்கு அண்டையில இருந்து, இருக்கிற வோட்டை விடக்கூடாது. ஒரே வாசல்ல இருந்துதான் ரெண்டு பேரும் திரும்பி வந்தனாங்கள்.

கள்ள வோட்டைப் பிடிக்கட்டும். வேண்டாமெண்டேல்லை. நான் கள்ளி இல்லை.

ஒக்டோபர் 22, செவ்வாய்

விடிய வெளிக்கிட்டது. குகன் தானே கார் ஓடுறன் எண்டார், இருமலோட. எல்லையில ஒஃபிசர் பாஸ்போட்டைப் புரட்டிப்போட்டு, என்ன அலுவல் எண்டான். "என்ர வோட்டைத் தடுக்கப் பாக்கினம், விடமாட்டன்" எண்டன். ஒரு கணம் பாத்தான். "குட் லக், மேம்."

விசாரணை ஒரு சின்ன மண்டபத்தில. முன்னுக்கு மூண்டு பேர், நடுவில தலைமை அம்மா. அண்ணை இரண்டாம் வரிசையில. அயன் பண்ணின ஷேட். என்னைக் கண்டிட்டுக் குனிஞ்சார்.

அமைப்புக்காரன் கன நேரம் கதைச்சான். இஞ்ச வாழாதவை இஞ்சத்தைய ஆக்களின்ர முடிவை எடுக்கக்கூடாது, அதுதான் நியாயம் எண்டான். சிலர் தலையாட்டினம். கேக்க நியாயம் மாதிரித்தான் கிடந்தது, அதுதான் எனக்குக் கூடக் கோவம்.

என்ர பேர் கூப்பிட எழும்பினன். எழுதிக்கொண்டு போனதைப் பாக்கேல்லை.

"ஒவ்வொரு வருசமும் இந்த நாட்டுக்கு வரிப் பத்திரம் நிரப்பிறன். அதுக்கு மட்டும் நான் சிட்டிசனோ? வெளிநாட்டில இருக்கிற உங்கட ஆமிக்காரரும் இஞ்ச இல்லை. அவையையும் வெட்டப் போறீங்களோ? அவைக்கும் எனக்கும் ஒரே சட்டம்தான். பிழையெண்டா சட்டத்தை மாத்துங்கோ. மாத்தும்வரைக்கும் என்ர வோட்டில கை வைக்காதேங்கோ."

இங்கிலிஷில சொன்னன். வழமையில தடக்குவன். இண்டைக்குத் தடக்கேல்லை.

தலைமை அம்மா எதிர்ப்புக் குடுத்தது ஆர் எண்டு கேட்டா. அண்ணை எழும்பினார்.

"இவவை உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ர தங்கச்சி."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பாத்தது.

"இவ அமெரிக்கச் சிட்டிசனோ?"

"ஓம். சத்தியப்பிரமாணம் எடுக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான்."

"இந்த நாட்டில கடைசியா எங்க இருந்தவ?"

அமைப்புக்காரன் அவற்ற கையில தட்டினான், கதிரையில இருக்கச் சொல்லி. அண்ணை இருக்கேல்லை.

"என்ர வீட்டில. எழுதியிருக்கிற முகவரி சரி."

அவ்வளவுதான். தன்ர எதிர்ப்பைத் தானே உடைச்சுப்போட்டுக் கதிரையில இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

ரெண்டுக்கு ஒண்டு எண்ட கணக்கில வெளிநாட்டு ஆக்கள் எல்லாருக்கும் எதிரான எதிர்ப்பைத் தள்ளுபடி செய்திச்சினம். வெளியில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து என்ர கையைப் பிடிச்சார். மகள் கொரியாவில படிப்பிக்கிறாளாம், வர ஏலாதாம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

கார் விடுற இடத்தில அண்ணை. "வீட்டில உன்ர மச்சாள் சமைச்சு வைச்சிருக்கிறாள். சாப்பிட்டிட்டுப் போ."

"இண்டைக்கு வரமாட்டன்."

"நான் பொய் சொல்லேல்லை, வசந்தி."

"ஓம். ஆனா வாசிக்காமல் கையெழுத்து வைச்சனீங்கள். என்ரது மட்டுமில்லை, அந்தக் கிழவற்ற மகளின்ர வோட்டும் போயிருக்கும்."

நிண்டார். குகன் காரை எடுத்தார். கண்ணாடியில பாத்தன், அசையாமல் அங்கயேதான் நிண்டார்.

ஒக்டோபர் 23, புதன்

வேலை. முதுகு நோ. ஜெயந்தி எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள், சூப்பவைசர் வந்து கை குடுத்திட்டுப் போனான்.

அண்ணையின்ர மனுசி, மச்சாள், ஃபோன் எடுத்தா. அண்ணை அமைப்பை விடேல்லையாம். ஆனா இனிச் சட்டத்தை வாசிக்காமல் ஒருத்தற்ற பேரிலயும் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு அவையளுக்குச் சொல்லிட்டாராம். அவை முகத்தைத் திருப்பினமாம். "ராத்திரி சாப்பிடேல்லை" எண்டா.

பாவம் எண்டு ஒரு மனம். கிடக்கட்டும் எண்டு இன்னொண்டு.

நவம்பர் 5, செவ்வாய்

குளிர், காத்து. தேர்தல் நாள். பின்னேரம் வெப்சைட்டில பாத்தன்: வோட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. குகனுக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார்.

இறைச்சி வதக்கிக்கொண்டு நிக்க ஃபோன். அண்ணை. வரிசையில நிண்டு போட்டிட்டு வந்திருக்கிறார்.

"வந்திட்டுதோ உன்ரது?"

"வந்திட்டுது."

"நீ ஆருக்குப் போட்டனீ எண்டு எனக்குத் தெரியும்."

"நீங்கள் ஆருக்கெண்டு எனக்கும் தெரியும்."

அவர் சிரிச்சார், தொண்டைக்குள்ள.

"இவ்வளவு தூரம் ஓடி வந்து சண்டை பிடிச்சும் என்ன? உன்ரதும் என்ரதும் ஒண்டுக்கொண்டு வெட்டுப்பட்டுப் போகும்."

"வெட்டுப்படட்டும் அண்ணை" எண்டன். "ரெண்டையும் எண்ணினாப் பிறகு."