பட்டிப் பொங்கலன்று நான் பிடுங்கிய இலை

முதலிபாளையம்
8.11.1998

அன்பு மகள் மருதம்மாளுக்கு அப்பா எழுதுவது. என் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌகரியம், ஜெர்மனிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழை பரவாயில்லை, சோளத்தட்டு நனையாமல் போர் போட்டாகிவிட்டது. செவலைப் பசு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன் கண்ணு. நீ ஆராயும் பிரியான் புரதம் கிருமி இல்லை, நல்ல உருவத்தில் அது நம் எல்லோருடைய நரம்புச் செல்களின் மேலும் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்கிறது, அதைக் கேட்டு இளஞ்செல் கை நீட்டி வளர்ந்து நரம்புச் செல்லாக மாறுகிறது போலும் என்று எழுதியிருந்தாய். நான் இதைப் பனியன் மிஷினை வைத்துப் புரிந்துகொண்டேன், சரியா என்று எழுது. பக்கத்துக் காட்டுக் குமாரசாமியின் கம்பெனியில், நூல் வரும் வழியில் ஒரு சின்னக் கம்பி நூலைத் தொட்டுக்கொண்டே இருக்கும், நூல் அறுந்தால் சேதி உள்ளே போய் மிஷின் நின்றுவிடும். உன் புரதமும் செல்லின் வாசலில் இருக்கும் அப்படி ஒரு கம்பி, ஆனால் இது நிற்கச் சொல்லவில்லை, வளரச் சொல்கிறது. அந்தக் கம்பியே கோணலாகி, பக்கத்துக் கம்பிகளையும் கோணலாக்கினால்தான் மாட்டுக்குப் பைத்திய நோய்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய நான் இதை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சீமை மாடுகள் தள்ளாடி விழுவதைப் பேப்பரில் படித்துவிட்டு, போன தையில் லீவில் வந்திருந்த நீ, பட்டிப் பொங்கலன்று பசுவுக்குப் பொங்கல் ஊட்ட இலையோடு மாட்டுப் பட்டிக்குள் கால் வைக்கும்போது, அத்தனை பேர் முன்னால் இலையைப் பிடுங்கிக் குமாரசாமி மகளிடம் கொடுத்தேன். "நீ தொட வேண்டாங் கண்ணு, அந்தச் சீக்கு உன் கையோட வந்திருந்தா மாடு தாங்காது" என்றேன். வீட்டுப் பெண் செய்ய வேண்டியதை ஊரான் பெண் செய்தாள். நீ உள்ளே போய்க் கை கழுவினாய், மறுநாளே பஸ் ஏறினாய். நீ கை கழுவிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நேற்று குமாரசாமியின் கம்பெனிக்கே போய், அந்தக் கம்பியையே அவனுக்குக் காட்டி, என் மகள் செய்வது நரம்பு வளர்கிற ஆராய்ச்சி, அவள் கையில் சீக்கு ஏதுமில்லை என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, கம்பி சங்கதி வெளங்குதுங்க. புள்ளைய வெளிய நிறுத்துனப்ப உங்களுக்குள்ள ஒரு சேதியும் போகலீங்களா?" என்றான். பக்கத்தில் பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைப் பெண்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

தைக்கு லீவு கேட்டுப் பார் சாமி. வர மனமில்லை என்றால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. ராத்திரி பால் குடிக்காமல் படுக்காதே. நீயும் உன் வேலையும் நன்றாக வளர வேண்டும் என்று அவிநாசியப்பனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா இதன் கீழே தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ பட்டிக்குள் நின்று அந்த இலையை நீட்டுகிற அன்றைக்குத்தான் இந்த மனுசனோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவாளாம்.

இப்படிக்கு,
அப்பா பொன்னுச்சாமி மட்டும்